பெட்டி பேசாத காலை

எனக்கு எழுபத்தொரு வயது நடக்கிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப் போனது. ஆறில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

போன வாரம் இதே பக்கத்தில் நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் பழகியதைச் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மறையூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா, “உங்கள் கடைசி மகள் சயின்டிஸ்டாமே, அவள் எப்படி இருப்பாள், என்ன செய்வாள், சொல்லுங்களேன்” என்று கேட்டிருக்கிறார். எப்படி இருப்பாள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பதற்றமாக இருப்பாள். என்ன செய்வாள் என்றுதான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எழுதுவது நான் அல்ல. நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகனுடைய பெண் தர்ஷினி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போட வரும். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், பஸ் கொஞ்சம் நேரம் நின்றால். அதற்கு மேல் பள்ளிக்கூடம் எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் சொல் என்னுடையது. பேத்தி ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

இந்த ஆடியில் ஒரு காலை. மலையாளத்தார் கர்க்கடகம் என்று பயந்து சொல்கிற மாதம். விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அடுப்படி ஜன்னல் கம்பியில்தான் போனுக்கு ரேஞ்ச் கிடைக்கும் என்பதால், அதை ஒரு துணிப்பையில் போட்டு அங்கேயே தொங்கவிட்டிருப்போம். பை நடுங்கியது. எடுத்தேன். மகேசு, என் கடைசி மகள்.

“அம்மா, மேல் லைன் தெரியுதா உனக்கு?”

“எங்கட்டி தெரியுது? கையை நீட்டினா என் விரலே தெரியல. ஒரே மூட்டம்.”



“பெட்டி பேச மாட்டேங்குதும்மா” என்றாள்.

எந்தப் பெட்டி என்று கேட்பீர்கள்.

மூணாற்றிலிருந்து ஜீப்பில் ஏறி வரவேண்டிய தூரத்தில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷன். தொழிலாளர் வீட்டு வரிசையைத்தான் லைன் என்போம், நாங்கள் இருப்பது கீழ் லைன். பக்கத்திலேயே பள்ளிக்கூடம், தட்டையான இடம், பயமில்லை. மேல் லைன் அப்படியில்லை. சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே புல் மலை.

அந்தப் புல் மலையில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெடிப்பு கண்டது. ஆடு மேய்த்தவர்கள் கால் போகிற அளவுக்கு இருக்கிறது என்றார்கள். மகேசு வேலை பார்க்கிற இடம் மண் சரிவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற இடம். நல்ல காலமோ கெட்ட காலமோ, பிறந்த ஊருக்கே அவளை அனுப்பினார்கள். அவள் வந்து மண்ணுக்குள் கம்பிகளை இறக்கி, மேல் லைனின் கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு தூண் நட்டு, அதில் ஒரு பெட்டியையும் சூரிய வெளிச்சத்தில் கரண்டு எடுக்கிற தட்டையும் மாட்டினாள். மலை அசைந்தால் கம்பி சொல்லும், கம்பி சொன்னதைப் பெட்டி அவள் போனுக்கு அனுப்பும். அவள் எங்கே இருந்தாலும் போய்ச் சேரும்.

“பெட்டி நாள் முழுக்க பேசிக்கிட்டே இருக்கும். அது பேசுற வரைக்கும் நீங்க நிம்மதியாத் தூங்கலாம்” என்று மேல் லைன்காரர்களிடம் சொன்னாள்.

பேசாமல் போனால் என்ன என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

மண்ணுக்கு டாக்டர்

மகேசு பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்ட அன்று மேல் லைன் முத்துப்பேச்சி முழங்காலைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள். முத்துப்பேச்சி என்னோடு ஒரே வரிசையில் கொழுந்து எடுத்தவள். என்னைவிடச் சின்னவள். பெட்டித் தூணுக்குப் பக்கத்து வீடு அவளுடையதுதான்.

“சித்தி, நான் மண்ணுக்குத்தான் டாக்டர்” என்றாள் மகேசு.

“பரவால்லட்டி. நானும் மண்ணாகப் போறவதானே, முன்கூட்டியே பாரு” என்றாள் முத்துப்பேச்சி. மகேசுவும் குனிந்து அவள் முழங்காலை அமுக்கிப் பார்த்தாள். அதுதான் என் மகள்.

மகேசுவுக்கு முப்பத்துமூன்று வயது. இருப்பது பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில். அங்கே நெல்லியாம்பதி மலைச் சரிவிலும் இதே மாதிரிப் பெட்டிகள் வைத்திருக்கிறாள். இரண்டு மலைக்கும் நடுவில் அவள் ஆயுசு ஜீப்பிலேயே போகிறது. ஒரு தடவை போய் அவளோடு கொஞ்ச நாள் இருந்தேன். வெயில், பனைமரம், நெல் வயல், தூரத்தில் சுவர் மாதிரி மலை. எனக்கு அந்தச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை. அவள் இருக்கிற இருப்பு அதைவிட ஒத்துக்கொள்ளவில்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே போன் பார்ப்பாள். ஒரு காதில் மேலதிகாரி, ஒரு காதில் டிரைவர். நின்றுகொண்டே சாப்பிடுவாள். பாதி இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு கம்ப்யூட்டரில் எதையோ தட்டுவாள். திரும்பி வந்து அந்த இட்லியைப் பார்த்து, “இதை யாரும்மா வச்சது?” என்பாள். கட்டுரை எழுதி அனுப்பினால் யாரோ மூன்று பேர் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார்களாம். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க முகம் செத்துக் கிடந்தாள். “பரீட்சைதான் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கட்டி உனக்கு மார்க் போடுறாங்க?” என்று கேட்டேன். “முடியவே முடியாதும்மா” என்றாள்.

அவள் குடியிருக்கிற மாடிக்குக் கீழ் வீட்டுக்காரம்மா கோயமுத்தூர்த் தமிழ் பேசுகிறவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏனுங்கம்மா, உங்க புள்ளை எப்பத்தானுங்க தூங்கும்? எந்நேரமும் ஊட்டுல வெளக்கு எரியுதுங்க. மழை பேஞ்சா மொட்டை மாடியில போய் நின்னுக்குதுங்க” என்றார்.  படிப்பு முடியவில்லை என்று சொல்லி வைத்தேன்.

இங்கே வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். பொட்டலம் பொட்டலமாக மண். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் மண், மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் மண். ஒரு தடவை நான் துணி துவைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் தோசைக்கல்லில் மண்ணைப் போட்டு வறுத்துக்கொண்டிருக்கிறாள். ஈரத்தோடு ஒரு நிறை, வறுத்த பிறகு ஒரு நிறை. மண் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று அதில் தெரியுமாம்.

“கல்லுல தோசை ஒட்டினா உன் தலையிலதான் சுடுவேன்” என்றேன்.

“ஒட்டாதும்மா. இது நல்ல மண்ணு” என்றாள்.

கல்யாணம்? கேட்காதீர்கள். சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தபோது, “ஒரு நிமிஷம் இருங்க, மழை அளவு வருது” என்று சொல்லி வைத்தவள், திரும்ப எடுக்கவே இல்லை.

அவள் மனசில் என்ன ஓடுகிறது என்பதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொன்னது சரியாப் போனா வீடுக போயிரும்மா. தப்பாப் போனா என் பேச்சு போயிரும். நான் என்னன்னு சாமி கும்பிடுறது?”

நான் இன்னொரு வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளினேன். 

போன வருஷத்துச் சிரிப்பு

அவள் பேச்சு பாதி போயிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷ மழையில் பெட்டி ஏதோ சொல்லிவிட்டது என்று மேல் லைனை இறக்கினாள். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் வந்து பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார்கள். மலை விழவில்லை. அதற்கடுத்த நாளும் விழவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் பால்பாண்டி வீட்டுக் கோழிகளை மரநாய் தின்றிருந்தது. வேறு சேதம் இல்லை.

பால்பாண்டி ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. வாய் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. அதற்குப் பிறகு மகேசு ஊருக்கு வரும்போதெல்லாம், “வா மகளே! இன்னிக்கு மலை விழுமா, இல்ல கோழி மட்டும்தானா?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மகேசுவும் சிரிப்பாள். வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வாள்.

இறங்குங்க

திரும்ப அந்தக் காலைக்கே வருகிறேன்.

“பெட்டி கெட்டுப் போயிருக்கும்டி. மழைதானே” என்றேன்.

“இருக்கலாம். டவர் போயிருக்கலாம். இல்ல, தூண் நின்ன மண்ணே போயிருக்கலாம். இங்கருந்து எனக்கு எதுவும் தெரியலம்மா. அண்ணன்கிட்ட சொல்லி மேல் லைனை இறக்கச் சொல்லு. பஞ்சாயத்து மெம்பர்கிட்டயும் வில்லேஜ் ஆபீஸ்லயும் நான் பேசிட்டேன். நான் கிளம்பிட்டேன்.”

“யாராச்சும் போய்ப் பெட்டியப் பாத்துட்டு வரட்டுமே?”

“கூடாது!” என்று கத்தினாள். பிறந்ததிலிருந்து என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. “கடைசி வீட்டுக்கு மேல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. பாக்கப் போற ஆளு மேலயே அது வந்துரும்.”

என் மகன் முருகேசன் சட்டையை மாட்டினான். நானும் குடையை எடுத்தேன். “நீ எங்கம்மா?” என்றான். “உன் தங்கச்சி பேச்சுக்கு இறங்க மாட்டாங்க. உன் பேச்சுக்கும் இறங்க மாட்டாங்க” என்றேன். படியேறப் படியேற எதிரே தண்ணீர் ஓடி வருகிறது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

பால்பாண்டி வாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நமுத்த தீப்பெட்டி, பற்றவில்லை.

“மதினி, போன வருஷம் இதே பாட்டுதான் பாடுனீங்க. அந்த பெஞ்சுல படுத்து என் இடுப்பு இன்னும் நிமிரல.”

“இடுப்பு இருக்கிறவன் பேசுற பேச்சா இது? எந்திரி.”

“பெட்டி என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லலன்னா, ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?”

எனக்கும் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா?

“எந்நேரமும் பேசுற உன் வீட்டுக்காரி ஒரு நாள் வாயத் திறக்காம உக்காந்திருந்தா நீ சும்மா இருப்பியா?”

உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரி, “அன்னிக்குத்தான் யக்கா இந்த மனுசன் நிம்மதியாச் சோறு திம்பாரு!” என்று குரல் கொடுத்தாள். பால்பாண்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த ஆளால் அதற்கு மேல் பிடிவாதம் பிடிக்க முடியாது. வீடு வீடாகக் கிளம்பினார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளையை மாராப்புக்குள் வைத்துக் கட்டிக்கொண்டாள். ஒருவர் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

முத்துப்பேச்சிதான் நிதானமாகப் பாயைச் சுருட்டினாள். “பெட்டிக்கு ஒண்ணும் ஆயிருக்காதுக்கா. நான் பத்திரமாத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கலெக்டர் அவதி, நம் பேச்சில் லீவு, விட்டிருந்ததால் பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. கரும்பலகையில் யாரோ பிள்ளை வரைந்த யானை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே பாய்கள் விரிந்தன.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்காவது ஒரு கல் உருண்டால்கூட எல்லோர் கழுத்தும் ஒரே பக்கம் திரும்பும். நான் இரண்டு பக்கத்துக்கும் பயந்தேன். மலை வந்துவிடக் கூடாதே என்று ஒரு பயம். வராமலே போய் என் மகள் இவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டுமே என்று ஒரு பயம். எது பெரியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

கறுப்புப் படங்கு

மத்தியானத்துக்கு மேல் மழை வெளுத்தது. அந்த நேரம் பார்த்து வெயில்கூட ஒரு கீற்று எட்டிப் பார்த்தது.  மழைக்குக்கூட என் மகள் மேல் என்ன பகையோ!

மகேசு பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக வந்தாள். நடுவில் மரம் விழுந்து ரோடு அடைபட்டு, அதை அறுத்து எடுக்கும்வரை நின்று வந்திருக்கிறாள். முழங்கால் வரை சேறு. பள்ளிக்கூட வாசலில் பால்பாண்டி, “வா மகளே, மழையைக் கையோட கூட்டிட்டுப் போயிட்டியே!” என்றார். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முருகேசனைக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் மேல் லைனை ஒட்டிய ஓடைக்கு இந்தப் பக்கமே நின்று தூரக் கண்ணாடியில் மலையை நெடுநேரம் பார்த்திருக்கிறாள். பிறகு அவனை அங்கேயே நிறுத்திவிட்டு, தனியாக ஏறியிருக்கிறாள்.

திரும்பி நேராக எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்தாள். கையில் சுருட்டிய கறுப்பு பிளாஸ்டிக். தரையில் போட்டாள்.

படங்கு. தேயிலைச் செடியின் ஈரம் படாமல் இருக்க நாங்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற விரிப்பு. மழைக்காலம் வந்துவிட்டால் இங்கே மனுஷருக்கு முன்னால் சாமான்களுக்குத்தான் படங்கு கட்டுவோம். விறகுக்கு, கோழிக்கூட்டுக்கு, கரண்டு மீட்டருக்கு. நனையக் கூடாது, அவ்வளவுதான். இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் கை தானாகச் செய்கிற வேலை அது.

அந்தப் படங்கின் ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்த ஒட்டு இருந்தது. யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“தட்டோட சேத்து மூடி, கயிறு போட்டு, காத்துல பறக்காம முடிச்சுப் போட்டிருக்கும்மா. சித்திதான். மேகமா இருந்தாலும் தட்டு கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சத்தக் குடிச்சு உயிரோட இருக்கும். இதுல ஒரு பொட்டு வெளிச்சம் போகல. பேட்டரி செத்துப்போச்சு.” சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “பெட்டியத் தொடாதீங்க, ஆட்டாதீங்க, பூச்சி கூடு கட்ட விடாதீங்கன்னு சொன்னேன். தட்டுக்கு வெளிச்சம் வேணும்னு சொல்லவே இல்ல. அன்னிக்கும் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே ஒரு போன் வந்துச்சு, பாதியில விட்டுட்டுப் போயிட்டேன்.”

“மலை?” என்று கேட்டேன்.

“நிக்குது.”

முருகேசன் கதவைச் சாத்தினான். “இத இப்பவே அடுப்புல போடு. பெட்டி பழுது, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிரு. உண்மையச் சொன்னா முத்துப்பேச்சி சித்தியக் கடிச்சுத் துப்பிருவாங்க. உன்னையும்தான். அடுத்த தடவை நீ கூப்பிட்டா ஒரு ஆள் இறங்க மாட்டான் பாத்துக்கோ.”

அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை என்றுதான் எனக்குப் பட்டது. மகேசு என்னைப் பார்த்தாள். நான் தட்டில் சோற்றைப் போட்டு, “உக்காந்து தின்னு முதல்ல” என்றேன். உட்கார்ந்து தின்றாள். கடைசிப் பருக்கை வரை தின்றாள். போன் பையில் கிடந்து நடுங்கியது. எடுக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் படங்கை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கரும்பலகைக்கு முன்னால்

நானும் பின்னாலேயே போனேன். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பெட்டி நின்னதுக்குக் காரணம் மலை இல்ல” என்றாள் மகேசு.  “தட்டு மேல ஒரு படங்கு மூடியிருந்துச்சு. அதுல பேட்டரி தீந்துபோச்சு.”

“படங்கு காத்துல பறந்து வந்து, தானே முடிச்சும் போட்டுக்கிச்சாக்கும்?” என்றார் பால்பாண்டி.

மகேசு படங்கை இன்னும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டியவள் பெயரைச் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கக்கத்தில் சிவப்பு ஒட்டு தெரிகிறதே!

முத்துப்பேச்சி எழுந்து நின்றாள்.

“என் படங்குதான். நான்தான் கட்டினேன். என்ன இப்போ? பிள்ளை கஷ்டப்பட்டுக் கொண்டு வந்து வச்ச சாமான் மழையில நனையுதேன்னு கட்டினேன். உங்க வீட்டு மீட்டருக்கு நீங்க கட்டல?”

 யாரோ பக்கென்று சிரித்தார்கள். அது பரவிவிட்டது. முத்துப்பேச்சிக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது. மகேசு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கைப்பிள்ளைக்காரியின் புருஷன் சிரிக்கவில்லை. “அப்ப நாங்க வீட்டுக்குப் போறோம்” என்று மூட்டையைத் தூக்கினான்.

“இன்னிக்கு மட்டும் இருங்க” என்றாள் மகேசு. “வேற பேட்டரி மாட்டியிருக்கேன். பெட்டி மறுபடி பேசி, இதுவரைக்கும் இருந்த கணக்கோட ஒத்துப் பாக்க நேரமாகும். அது வரைக்கும் மலை எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாது.”

பால்பாண்டி முன்னால் வந்தார். இப்போது கேலி இல்லை, கோபம். “தெரியாமத்தான் எங்கள இறக்கினியா?”

“ஆமா சித்தப்பா. தெரியலன்னுதான் இறக்கினேன். தெரியிற வரைக்கும் காத்திருந்தா இறக்க நேரம் இருந்திருக்காது.”

 என்ன நினைத்தாரோ. குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் இரண்டு மூன்று குடும்பம் போனது. மகேசு யாரையும் மறிக்கவில்லை. கரும்பலகையில் சாய்ந்து நின்றாள், அந்த யானையின் முதுகு அவள் சட்டையில் அழிந்தது.

முத்துப்பேச்சி மூக்கைச் சிந்திவிட்டு, சுருட்டிய பாயைத் திரும்ப விரித்தாள். “நான் இருக்கேன்” என்றாள், யாரும் கேட்காமலே. கைப்பிள்ளைக்காரி புருஷனைப் பார்த்தாள். அவன் மூட்டையை இறக்கவில்லை. அவள் பிள்ளையோடு முத்துப்பேச்சியின் பாயில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவன் எங்கே போவான்?

பொழுது சாயும்போது பால்பாண்டி வந்தார். ஒரு கூடை, அதற்குள் கோழிகள். “என்ன பாக்கறீங்க? இதுகளுக்குப் பெட்டி கிடையாதுல்ல” என்று சொல்லி மூலையில் உட்கார்ந்தார்.

நகத்தின் அளவு

மறுநாள் பெட்டி பேசிவிட்டது. மகேசு கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் இருந்தாள். நான் காப்பியை நீட்டினேன். வாங்கவில்லை.

“என்ன சொல்லுது?”

“மலை நகர்ந்திருக்கும்மா.” கட்டை விரலைக் காட்டினாள். “இந்த நகத்து அளவு. பெட்டி பேசாம இருந்தப்போ.”

“விழப்போகுதா?”

“மழையில ஊறி அசைஞ்சிட்டு அப்படியே நின்னுரலாம். இல்ல, இது ஆரம்பமாவும் இருக்கலாம்.”

“எதுடி?”

“தெரியலம்மா” என்றாள். இத்தனை படிப்பு படித்தவள் இந்தச் சொல்லை எத்தனை தடவைதான் சொல்வாள்! ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லும்போது அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. போய் மேல் லைன்காரர்களிடமும் நகத்தைக் காட்டி அப்படியேதான் சொன்னாள். மேல் லைனை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாள். அது எப்போது நடக்குமோ. மழை விட்டதும் அவர்கள் வீடு திரும்பினார்கள். அவள் கொல்லங்கோட்டுக்குப் போனாள். நான் இங்கே ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதுவரைக்கும் மலை விழவில்லை.

இதைச் சொல்லி முடிக்கும் நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டது. காலையிலிருந்தே மழை கனத்துக்கொண்டிருக்கிறது. பார்த்தால் பால்பாண்டி குடையை உதறிக்கொண்டு நிற்கிறார். அவர் பின்னால் முத்துப்பேச்சி, கைப்பிள்ளைக்காரி, அவள் புருஷன், இன்னும் சிலர்.

“மதினி, மகேசு ஏதும் சொல்லிச்சா?”

“இல்லையே. ஏன்?”

“ஒண்ணுமில்ல. மனசு கேக்கல. இறங்கிட்டோம்.”

தர்ஷினி மகேசுவுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். போனில் இருக்கிற மலையாளத்துப் பெண் பரிதிக்குப் புறத்து, ரேஞ்சுக்கு வெளியே, என்கிறாள். மகேசு எந்த மலையில் நிற்கிறாளோ, சாப்பிட்டாளோ என்னவோ. உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோர் கண்ணும் ஜன்னலில் தொங்குகிற பையில்தான் இருக்கிறது.

தர்ஷினி, எழுதினது போதும். முதல்லேருந்து வாசி. இவங்களும் கேக்கட்டும், நான் எங்கயாவது மாத்திச் சொல்லியிருந்தா இங்கயே சண்டை போட்டுத் திருத்திக்கலாம். மெதுவா, சத்தமா வாசிக்கணும். போன் அடிச்சா மட்டும் நிறுத்து.